எந்தச் சம்பங்கி

முதலில் துரோகம் செய்தவன் நிலக்கோட்டை அழகுமலை. ஆசிரமத்துக்கு வந்த அன்றே திம்மராயன் குருவிடம் இதைச் சொல்லிவிட்டார். தன் பெயரைச் சொல்வதற்கு முன்பே சொன்னார்.

குரு யோகநாயகி வயதில் அவருக்கு மகள் மாதிரி. செடிகொடிகளைப் பற்றிப் படித்துவிட்டுத் துறவியானவர். முழுக்கக் கேட்டார். “தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துங்கய்யா” என்றார். அவ்வளவுதான்.

தோட்டத்தில் ஒவ்வொரு செடியிலும் மரத்திலும் ஒரு தகடு தொங்கியது. ஒவ்வொன்றிலும் நாக்கைச் சுளுக்கவைக்கும் ஒரு பெயர்.

ஒரு காலையில் திம்மராயன் குடத்தை இறக்கிவைத்தார்.

“இதெல்லாம் எதுக்கும்மா? நம்ம ஜனங்க வெச்ச பேரு செடிக்குப் பத்தாதா?”

“பூசைக்கு நேரமாச்சு. கொஞ்சம் சம்பங்கி பறிச்சிட்டு வாங்க.”

மேற்கு மூலையில் பெரிய மரம். கிளையை வளைத்ததும் மணம் அவரைச் சொந்த ஊரான தளிக்குக் கொண்டுபோய்விட்டது. மனைவி நஞ்சம்மா பிறந்த வீட்டு வாசலில் இதே மரம்தான் நின்றது. கல்யாணமான புதிதில் லாரிச் சாவி தொங்கும் ஆணியில் தினம் ஒரு பொன்நிறப் பூவைச் செருகிவைப்பாள். அந்த லாரியை அவரும் அழகுமலையும் மாறி மாறி ஓட்டினார்கள். “நீ தூங்கு மாப்ளே, சேலம் வரைக்கும் நான் பாத்துக்கிறேன்” என்பான். வண்டி முழுக்கப் பூ வாசமும் அவன் பாட்டும்.

ஆஸ்பத்திரியில் நஞ்சம்மா கடைசியாகக் கேட்டதும் சம்பங்கிதான். “இந்தா வந்துட்டேன் தங்கச்சி” என்று மழையில் ஓடினான் அழகுமலை. திரும்பி வந்தபோது அவன் கையில் நீளத் தண்டோடு ஒரு கட்டு வெள்ளைப் பூ. பிணத்துக்கு மாலை கட்டுகிற பூ. நஞ்சம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். பூவையும் அவனையும் சேர்த்தே வெளியே தள்ளினார் திம்மராயன். பிறகு முகம் பார்க்கவில்லை.

பூவை வேட்டி மடியில் ஏந்தித் திரும்பினார். குருவின் முன்னால் சமையல்காரப் பேச்சியம்மாளும் நின்றாள். அவள் கையில் வெள்ளைப் பூ.

“அம்மா சம்பங்கி பறிக்கச் சொன்னா, பெரியவரு செண்பகத்தைக் கொண்டாந்திருக்காரே!” என்று சிரித்தாள்.

“எங்க ஊர்ல இதுக்குத்தான் சம்பங்கின்னு பேரு. நீ வெச்சிருக்கிறது பொணப்பூ.”

“வாயக் கழுவுங்க! என் கல்யாண மாலையே இந்தச் சம்பங்கிதான். புருசன் இன்னும் கல்லுக்குண்டாட்டம் இருக்காரு.”

“உனக்கு எந்த ஊரு?”

“நிலக்கோட்டை.”

திம்மராயன் மடியைப் பிடித்தபடியே நின்றார்.

குரு எழுந்துபோய் மரத்திலிருந்தும் பாத்தியிலிருந்தும் தகடுகளைக் கழற்றி வந்தார். மஞ்சள் பூவின் மேல் ஒன்றை வைத்தார்: மக்னோலியா சம்பகா. வெள்ளைப் பூவின் மேல் மற்றொன்று: பாலியாந்தஸ் டியூபரோசா.

திம்மராயன் இரண்டு தகடுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இருக்கட்டும்மா. ‘எந்தச் சம்பங்கி’ன்னு அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலையே. அந்த வார்த்தை எனக்கு இன்னும் பாக்கிதான்.”

“பாக்கிதான்” என்றார் குரு. வெள்ளைப் பூவில் ஒரு தண்டை எடுத்து அவரிடம் நீட்டினார். “நிலக்கோட்டைக்கு எந்த பஸ்ஸுன்னு பேச்சியைக் கேளுங்க.”