நாவல்குளமும் பன்றியக்காவின் ஊற்றும்

நாவல்குளத்துக் காட்டில் ஒரு புனுகுப்பூனை இருந்தது. அதன் உடம்பில் எப்போதும் கமகமவென்று ஒரு வாசனை. வாசனையாக இருப்பவருக்குத்தான் சுத்தத்தைப் பற்றித் தெரியும் என்று மற்ற விலங்குகள் நம்பின. அதனால் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அதனிடமே கொடுத்துவிட்டன.

புனுகுப்பூனை முதல் வேலையாகக் காட்டுப்பன்றியை விரட்டியது. "சேத்துல புரள்றவ குளத்தங்கரைப் பக்கமே வரக்கூடாது!" என்றது. அடுத்ததாக ஒரு சட்டமும் போட்டது.

"அழுக்குக் காலோட யாரும் தண்ணி குடிக்கக்கூடாது! முதல்ல குளத்துல இறங்கிக் காலைக் கழுவுங்க. அப்புறம் குடிங்க!"

எல்லா விலங்குகளும் தலையாட்டின. மான் கழுவியது. முயல் கழுவியது. முள்ளம்பன்றி நாலு காலையும் கழுவிவிட்டு முதுகையும் சேர்த்துக் கழுவியது. சுத்தமென்றால் அப்படியொரு சுத்தம்!

கோடை வந்தது. குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடை வறண்டது. குளமும் பாதியாகச் சுருங்கியது. கொஞ்ச நாளில் ஒவ்வொருவராக வயிற்றுப்போக்கில் படுத்தார்கள்.

"வயித்துக் கோளாறா? குளத்துல மூணு முழுக்குப் போடு, பறந்துடும்!" என்றது புனுகுப்பூனை.

நோய் வந்தவர்கள் முழுகினார்கள். முழுகிய களைப்பில் அதே தண்ணீரைக் குடித்தார்கள். மறுநாள் முழுகுவதற்கு இன்னும் பெரிய கூட்டம் வந்தது.

அந்தக் காட்டில் செவலி என்று ஒரு கீரி. எதையும் மோந்து பார்க்காமல் விடாது. புற்றைக் கண்டால் மூக்கை நுழைக்கும், பொந்தைக் கண்டால் தலையையே நுழைக்கும். அதற்கு இரண்டு குட்டிகள். இரண்டுக்கும் நோய் வந்துவிட்டது. முழுக்காட்டியும் பார்த்தாயிற்று. சின்னது இப்போது கண்ணையே திறக்கவில்லை.

புனுகுப்பூனை கூட்டம் கூட்டியது.

"எல்லாம் அந்தப் பன்றியோட வயித்தெரிச்சல்! துரத்தினோம்ல? அந்த ஆத்திரத்துல சாபம் விட்டுட்டா!"

"ஆமாம், ஆமாம்!" என்றது கூட்டம்.

செவலி மட்டும் முன்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. "எனக்கு ஒரு சந்தேகம். பன்றியக்காவுக்கு வயித்துப்போக்கு வந்துச்சா?"

"அவளுக்கு எப்படி வரும்? அழுக்குல அழுக்கு ஒட்டுமா?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பாவம், வலியால்தான் பிடித்துக்கொண்டது.

"யாராவது போய்க் கேட்டீங்களா?" என்றது செவலி.

"பன்றிகிட்டப் போய் நாம கேக்கறதா! தலை இருக்க வால் ஆடக்கூடாது. போ, போய் முழுக்குப் போடு!"

செவலி முழுக்குப் போடப் போகவில்லை. அதன் மூக்கு குறுகுறுத்தது. காட்டுக்கே நோய் வந்திருக்கிறது, ஒருத்திக்கு மட்டும் வரவில்லை என்றால் அது என்ன சங்கதி? வறண்ட ஓடையின் மேல்பக்கமாக ஓடியது.

அங்கே ஒரு மரத்தடியில் பன்றியக்கா கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கொழுகொழுவென்று குட்டிகள். ஒன்றையொன்று முட்டித் தள்ளி விளையாடின. ஒரு குட்டிக்குக்கூட நோய் இல்லை!

"அக்கா, உன் பிள்ளைங்க மட்டும் எப்படி இவ்வளவு தெம்பா இருக்காங்க?"

பன்றியக்கா நிமிர்ந்து பார்த்தது. "என்னைத் துரத்தின அன்னிக்கு நீயும் கூட நின்னு கத்தினியே. இப்ப மட்டும் அக்காவா?"

செவலிக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கத்தினேன்க்கா. தப்புதான். என் சின்னது கண்ணைத் திறக்கல. அதான் ஓடி வந்தேன்."

பிள்ளை என்றதும் பன்றியக்காவின் கோபம் பாதி இறங்கியது. "எனக்கு ஒரு மருந்தும் தெரியாதே! வேணும்னா இருந்து பாத்துக்க" என்றது.

செவலி இருந்து பார்த்தது. முதலில் பன்றி தின்ற கிழங்கைக் கடித்துப் பார்த்தது. இதே கிழங்கைத்தானே முள்ளம்பன்றியும் தின்கிறது? அது படுத்த படுக்கையாகக் கிடக்கிறதே! அப்படியானால் கிழங்கு இல்லை.

பன்றி சேற்றில் புரண்டது. சேறுதான் மருந்தோ என்று செவலியும் தொப்பென்று விழுந்து புரண்டது. பிறகுதான் எருமையின் நினைவு வந்தது. அதுவும் நாளெல்லாம் சேற்றில்தான் கிடக்கிறது, அதற்கும் நோய்தான். கண்ணிலும் காதிலும் சேறு அப்பியதுதான் மிச்சம்.

வெயில் ஏறியது. பன்றியக்காவுக்குத் தாகம் எடுத்தது. வறண்ட ஓடைக்குள் இறங்கி, மணலில் மூக்கை வைத்துப் பரபரவென்று நோண்டியது. பள்ளத்தில் தண்ணீர் ஊறியது. முதலில் கலங்கலாக வந்ததை வெளியே தள்ளிவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தது. மறுபடி ஊறிய தண்ணீர் பளிங்காக நின்றது. தாயும் பிள்ளைகளும் விளிம்பில் நின்று, தலையை மட்டும் நீட்டிக் குடித்தன.

செவலி துள்ளி எழுந்தது. "அக்கா! நீ குளத்துத் தண்ணியே குடிக்கிறதில்லையா?"

"எங்க குடிக்க விட்டீங்க? கிட்ட வந்தாலே கல்லை உருட்டினீங்க. தாகத்துக்கு என்ன பண்றது? நோண்டிக்கிட்டேன்."

செவலி குனிந்து மோந்து பார்த்தது. ஒரு நாற்றமும் இல்லை. அழுக்கையெல்லாம் மணல் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் விட்டிருந்தது. ஒரு வாய் குடித்தது. அடடா, என்ன குளிர்ச்சி!

அடுத்த நிமிடமே வீட்டுக்கு ஓடியது. குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடரியைக் கவ்வித் தூக்கிவந்து ஊற்றருகே போட்டது. பன்றியக்காவும் நாள்தோறும் புது ஊற்றுத் தோண்டிக் கொடுத்தது. ஒரு காலையில் சின்னது கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்குது!" என்றது. செவலி அழுதேவிட்டது.

சேதி பரவாமல் இருக்குமா? மொத்தக் காடும் ஓடைக்கு வந்து நின்றது. எல்லாருக்கும் முன்னால் புனுகுப்பூனை. அதன் வயிறும் பல நாளாகக் கடமுடவென்றுதான் கிடந்தது. வெளியே சொன்னால் கௌரவம் என்னாவது?

"நல்ல ஊத்து!" என்றது அது. "இனிமே இதுவும் என் பொறுப்பு. வரிசையா வாங்க! முதல்ல எல்லாரும் உள்ள இறங்கிக் காலைக் கழுவுங்க!"

முள்ளம்பன்றி பழக்கதோஷத்தில் காலைத் தூக்கிவிட்டது.

செவலி பாய்ந்து குறுக்கே நின்றது. அதன் மயிரெல்லாம் சிலிர்த்தது. "காலை எடு! எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. காலைக் கழுவினா அழுக்கு காலை விட்டுப் போகுது. சரி. போன அழுக்கு எங்க போகுது?"

முயல்தான் மெதுவாகச் சொன்னது. "குளத்துக்குள்ள."

"நோய் வந்தவங்க முழுகினாங்களே, அது?"

"அதுவும் குளத்துக்குள்ளதான்."

"அப்போ இத்தனை நாளா நாம எதைக் குடிச்சோம்?"

மான் குமட்டிக்கொண்டு திரும்பியது. சாபமாவது மண்ணாவது! அத்தனை பேரும் தங்கள் கால் அழுக்கைத் தாங்களே குடித்துவிட்டு, பன்றியைத் திட்டியிருக்கிறார்கள்!

"யாரையும் நான் துரத்த மாட்டேன்" என்றது பன்றியக்கா. "விளிம்புல நின்னு குடிங்க, போதும். காலைக் கழுவணும்னா கீழ்ப்பக்கமாத் தள்ளிப் போய் வேற பள்ளம் நோண்டிக்குங்க."

ஒவ்வொருவராக வந்து குடித்தார்கள். புனுகுப்பூனை மட்டும் தள்ளி நின்றது. பன்றி தோண்டிய தண்ணீரைப் போய்க் குடிப்பதா என்று வீம்பு. ஆனால் தாகத்துக்கு ஏது வீம்பு? எல்லாரும் போனபிறகு தயங்கித் தயங்கி வந்தது. ஊற்றில் வைக்கப்போன காலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டு, வயிறு முட்டக் குடித்தது.

பிறகு தலைநிமிராமலே கேட்டது. "நல்ல தண்ணி இங்க இருக்குன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றது பன்றியக்கா. "நீங்கதான் கேக்கவே வரலையே!"

ஊரெல்லாம் நோயில் கிடக்கும்போது, நோயில்லாத ஒருவர்மேல் பழி போடாமல் அவரிடம் போய் "எப்படி?" என்று கேட்பதே அறிவு.