முகத்துக்கு உப்பு இல்லை

டேய் மாப்ளைங்களா, சிரிப்புக் கதைன்னு சொன்னதும் பல்லை விளக்கிட்டு வந்து உக்காந்துட்டீங்க. இருங்கடா. இதுல சிரிக்கிற இடம் ஒண்ணே ஒண்ணுதான். அது வர்றப்போ இந்த இசக்கி தூங்கிருவான், எழுப்பி விடுங்க.

ரொம்ப காலத்துக்கு முன்னாடி காட்டாத்தங்கரைன்னு ஒரு நாட்டை எழினிராயன்னு ஒரு ராஜா ஆண்டான். காலையில ஒருத்தனுக்கு யானை குடுப்பான். சாயந்தரம் அந்த யானைக்கு ஏன் தீனி போடலன்னு அவனையே ஜெயில்ல தள்ளுவான். அப்படி ஒரு ஆளு. அவனுக்கு ஒரே பொண்ணு, சின்னக் குழந்தை. காய்ச்சல்ல போயிருச்சு.

ராஜா சோறு தண்ணி இல்லாம படுத்துட்டான். அப்போ கருவூலத்தைப் பாத்துக்கிட்டிருந்த கொழுந்தப்பன் காதுகிட்ட போய், "மகாராஜா, வெள்ளியில பாப்பா மொகத்தைப் போட்டு நினைவுக்காசு அடிப்போம். நாடு பூரா பாப்பா நடமாடும்"னான்.

நடமாடும்னு கேட்டதும் ராஜா எந்திரிச்சு உக்காந்துட்டான்.

வெள்ளிக்கு எங்க போறது? வீடு வீடா தராசோட ஆள் போச்சு. மெட்டி, கொலுசு, குங்குமச் சிமிழ், எல்லாத்தையும் நிறுத்து எடுத்தாங்க. எடைக்குத் தக்கன கேழ்வரகு அளந்து போட்டாங்க. பூராத்தையும் உருக்கி, கருவூல முத்திரை போட்ட கட்டியாக்கி, காசா அடிச்சாங்க. அப்புறம் தண்டோரா: "ஒரு காசு ஒரு கறவை மாட்டுக்குச் சமம்! வாங்க மாட்டேன்னு சொல்றவனுக்குக் கை இருக்காது!"

சந்தையில பாதிக் கடை மூடிருச்சு. செம்பாயின்னு ஒரு உப்புக்காரி மட்டும் கழுதையோட வந்து நின்னா. ஒரு சேவகன் ஒத்தைக் காசை நீட்டி, "கழுதை, மூட்டை, எல்லாத்தையும் குடு"ன்னான். அவ காசை உள்ளங்கையில வச்சு எடை பாத்தா. "இந்த வெள்ளிக்கு ரெண்டு படி உப்பு தாரேன். மொகத்துக்கெல்லாம் உப்பு இல்லய்யா."

அவ்வளவுதான். கையைக் கட்டி சபைக்கு இழுத்துட்டு வந்து வெட்டுக்கட்டை பக்கத்துல உக்கார வச்சுட்டாங்க.

சபையில மந்திரி சாத்தப்பர் இருந்தாரு. அவரு தும்மினாலும் ராஜா காது குடுப்பான். கொழுந்தப்பன் கத்தினாலும் கேக்க மாட்டான். அந்த வயித்தெரிச்சல் கொழுந்தப்பனுக்கு ரொம்ப நாளா உண்டு. விடுவானா?

"மகாராஜா, மந்திரியாரும் இந்த உப்புக்காரி கட்சிதான். காசு மதிப்பு என்னன்னு அவர் வாயாலயே சொல்லச் சொல்லுங்க."

ராஜா திரும்பினான். "சொல்லும் சாத்தப்பரே. மாட்டுக்குக் கீழ போச்சுன்னா, உம்ம கையும் அந்தக் கட்டையிலதான்."

மாட்டுக்குச் சமம்னு சொன்னா அவ கை போகும், கொறைச்சா ரெண்டு பேர் கையும் போகும். சாத்தப்பர் தலையைச் சொறிஞ்சாரு.

"மகாராஜா, ஒரு தராசு வேணும். ஒரு ஆசாரியும், அவர் நெருப்புச் சட்டியும் வேணும்."

வந்துச்சு. ஒரு தட்டுல காசு, ஒரு தட்டுல வெறும் வெள்ளிக் கட்டி. ரெண்டும் சரியா நின்னுச்சு. "கொழுந்தப்பரே, உம்ம வீட்டுல வெள்ளிக் கட்டி கொஞ்சம் அடுக்கி வச்சிருக்கீராமே? அதை எடைக்கு எடை இந்தக் காசா மாத்திக்கும். காசுக்கு ஒரு மாடுன்னா, விடிஞ்சா நீர் மாட்டுப்பண்ணைக்கே முதலாளி."

கொழுந்தப்பனுக்கு வேர்த்துருச்சு. "அது... அது வந்து... என் பொண்டாட்டி சீதனம்..."

"சீதனத்துல கருவூல முத்திரை எப்படிய்யா வந்துச்சு?"

இதாண்டா அந்த இடம். சிரிச்சுக்கோங்க. சபையும் வாயில துண்டை வச்சுக்கிட்டு சிரிச்சுச்சு. ராஜா மட்டும் சிரிக்கல.

"அவனை அப்புறம் பாத்துக்கறேன். மதிப்பு என்ன? அதைச் சொல்லும்."

சாத்தப்பர் ஆசாரியைப் பாத்தாரு. ஆசாரி கட்டியை எடுத்து நெருப்புல வச்ச சட்டியில போட்டாரு. உருகிச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. அப்புறம் கொறடால காசைப் புடிச்சு சட்டிக்கு மேல கொண்டு போனாரு.

"டேய்! விடுடா! எம்பொண்ணுடா!"

ராஜா சிம்மாசனத்துல இருந்து ஓடி வந்து, சூட்டோட சூடா அந்தக் காசைப் புடுங்கி நெஞ்சுல வச்சுக்கிட்டான். கை பொத்துப்போச்சு.

சாத்தப்பர் மெதுவா சொன்னாரு. "அதான் மகாராஜா மதிப்பு. வெள்ளி கொஞ்சம், மிச்சம் பூரா இப்ப நீங்க போட்ட கூப்பாடு. வெள்ளிக்குச் சந்தை இருக்கு. கூப்பாட்டுக்குச் சந்தை இல்ல. அதை எடுத்துட்டுப் போய் உப்பு கேட்டா அவ எங்க போவா?"

ராஜா காசை மடியில முடிஞ்சுக்கிட்டான். அப்புறம் செம்பாயிகிட்ட, "ஏம்மா, பயமே இல்லயா உனக்கு?"ன்னான்.

"எம்புள்ளையோட அரைஞாண்கொடி ஒண்ணு இருந்துச்சு சாமி. வளர வளர இடுப்புக்கு ஒரு கண்ணி சேப்போம்ல? அடுத்த கண்ணி செஞ்சு தயாரா வச்சிருந்தேன். அதுக்குள்ள போயிட்டான். கொடி, கண்ணி, ரெண்டையும் உங்க ஆளுக நிறுத்து எடுத்துட்டுப் போனாங்க. எம்புள்ளைய எடைக்கு எடுத்தீங்க. உங்க புள்ளைய நானும் எடைக்குத்தான் கேட்டேன்."

ராஜா பொத்துப்போன கையாலயே அவ கைக்கட்டை அவுத்துவிட்டான். மாட்டுக் கணக்கு அன்னைக்கே ரத்து. தன் பட்டுச் சால்வையைச் சாத்தப்பருக்குப் போத்தினான். கொழுந்தப்பனைச் சந்தையில தராசோட உக்கார வச்சு, அவன் வீட்டுக் கட்டியை வெட்டி வெட்டி ஊருக்கே நிறுத்துக் குடுக்க வச்சான்.

"அந்தக் கொடியைக் கண்டுபிடிச்சுக் குடும் சாத்தப்பரே"ன்னு கெஞ்சினான் ராஜா.

"உருக்கின வெள்ளியில எது யாருதுன்னு சொல்ற புத்தி எனக்குக் கிடையாது மகாராஜா."

செம்பாயி அவகிட்ட எடுத்த எடைக்கு உள்ள வெள்ளியை வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, கழுதையை ஓட்டிட்டுப் போயிட்டா.

சரி, எந்திரிங்கடா. ஒண்ணை மட்டும் சொல்லிடறேன். எனக்குச் சொன்ன கதையில மந்திரியே கிடையாது. காசு இருந்துச்சு, கொழுந்தப்பன் இருந்தான், உப்புக்காரி இருந்தா. அவ கையை வெட்டிட்டாங்க. சாத்தப்பரை உள்ள விட்டது நான்தான்.