காலைத் தட்டிய கரடி

முள்ளிக்காட்டுக் குளக்கரையில் உடையப்பன் என்றொரு கரடி இருந்தது. எதைக் கேட்டாலும், "அது எனக்குத் தெரியுமே!" என்று சொல்லும். தெரியாது என்ற வார்த்தை மட்டும் அதன் வாயில் வரவே வராது.

அந்தக் காட்டு விலங்குகள் சேர்ந்து ஒரு காப்பீடு வைத்திருந்தன. விளைச்சல் காலத்தில் ஒவ்வொன்றும் தன் பங்குக் கிழங்கையும் பழத்தையும் பொதுக் குகையில் போட வேண்டும். அதுதான் பிரீமியம். யாராவது நோயில் படுத்துவிட்டால் நாரை மருத்துவர் வந்து வைத்தியம் பார்ப்பார். எழுந்து நடமாடுகிறவரை குகையிலிருந்து சாப்பாடு வரும்.

ஒருநாள் நாரை கூட்டம் கூட்டினார். "மழைக்கு முன்னால எல்லாரும் தடுப்புப் பரிசோதனைக்கு வந்துடுங்க. அதுவும் நம்ம காப்பீட்டுல சேர்ந்ததுதான். புரிஞ்சுதா?"

புரிந்தவர்கள் காலால் தரையைத் தட்டுவது அந்தக் காட்டு வழக்கம். உடையப்பனுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனாலும் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது. பாருங்கள் கூத்தை!

கூட்டம் கலைந்ததும் பூவாயி என்ற சருகுமான் ஓடிவந்தது. முயல் அளவுதான் இருக்கும், பாவம்.

"அண்ணே, தடுப்புப் பரிசோதனைன்னா என்ன? எனக்குப் பின்னங்கால்ல லேசா ஒரு குத்தல் இருக்கு. போய்க் காட்டவா?"

கரடிக்குத் திக்கென்றது. தெரியாதென்று சொன்னால் மானம் போய்விடுமே!

"ஐயையோ, போயிடாதே! என்ன நோய் இருக்குன்னு துருவித் துருவிப் பார்ப்பாங்க. இருந்துச்சுன்னா காப்பீட்டை விட்டே தூக்கிடுவாங்க!"

"அப்படியா! நல்லவேளை, உங்ககிட்ட கேட்டேன்!" என்று பூவாயி நிம்மதியாகப் போனது.

மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் நடந்து நடந்து பூவாயியின் கால் சீழ் வைத்தது. யார் கண்ணிலும் படாமல் மறைந்து மறைந்து நொண்டியது. ஒருநாள் புதருக்குள் சுருண்டு விழுந்துவிட்டது. அதைப் பார்த்த கரடி மூச்சிரைக்க ஓடி நாரையைக் கூட்டிவந்தது.

"உள்ளே முள்ளு இருந்திருக்கு! பரிசோதனைக்கு வந்திருந்தா அலகால ஒரே இழுப்பு, அவ்வளவுதான். ஏம்மா வரல?" என்றார் நாரை.

"நோய் இருந்தா என்னைக் காப்பீட்டை விட்டு எடுத்துடுவீங்கன்னு பயந்துட்டேன்..."

"நோய் முத்துறதுக்கு முன்னாலேயே கண்டுபிடிக்கத்தானே அந்தப் பரிசோதனை! உன்கிட்ட யாரு இப்படிச் சொன்னது?"

பூவாயி கரடியை ஒருமுறை பார்த்தது. "யாரும் சொல்லல. நானா நினைச்சுக்கிட்டேன்" என்றது.

கரடிக்கு உடம்பெல்லாம் கூசியது. அங்கேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

"இல்ல, நான்தான் சொன்னேன். எனக்கே ஒண்ணும் தெரியாது!" என்று அழுதது.

பூவாயி பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தக் கால் சரியாகவில்லை. அதன் துள்ளல் ஓட்டம் போயே போய்விட்டது. பொதுக் குகையிலிருந்து தினமும் உடையப்பன்தான் சாப்பாடு கொண்டுபோய் வைக்கும். பூவாயியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் திரும்பிவிடும்.

அடுத்த கூட்டம் வந்தது. "புதுசா சேருறவங்களோட பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. புரிஞ்சுதா?" என்றார் நாரை.

தடதடவென்று எல்லாக் கால்களும் தட்டின. உடையப்பன் மட்டும் தட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டே எழுந்து நின்றது.

"எனக்குப் புரியலைங்க. காத்திருப்புக் காலம்னா என்ன?"

குரங்குகள் கெக்கெக்கே என்று சிரித்தன. கரடி உட்காரவில்லை.

"சேரும்போதே இருக்கிற நோய்க்கு உடனே உதவி கிடைக்காது. ஒரு மழைக்காலம் போகணும்" என்றார் நாரை.

"ஐயோ! அப்ப என் பல்வலிக்கு இப்போ ஒண்ணும் கிடையாதா?" என்று கத்தியது ஒரு குரங்கு. அது நேற்றுத்தான் காப்பீட்டில் சேர்ந்திருந்தது. சற்றுமுன் காலைத் தட்டியதும் அதுதான்!

புரியாததைப் புரிந்ததுபோல் காட்டிக்கொண்டால், அதற்கான தண்டனையை நம்மை நம்பியவரே அனுபவிக்க நேரும்.