ஜால்ரா போடாத தாசில்தார்

"எங்க வீட்டுக்காரருக்குப் பொழுது போகமாட்டேங்குதும்மா," என்றாள் உலகம்மாள்.

முப்பிடாதி பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவருக்குப் போகலைன்னா அவருல்லா வரணும். நீங்க ஏன் வந்திருக்கீங்க, அக்கா?"

"அவருக்குப் பொழுது போகலைன்னா எனக்கு உசிரு போகுது. அதான் வந்தேன்."

முப்பிடாதிக்கு நாற்பது வயதிருக்கும். பஜனை மடத்து வாசலில் பூக்கடை. மார்கழி மாதம் மடத்துப் பஜனைக்கு அவள்தான் முன்பாட்டு. அவளைவிடப் பதினைந்து இருபது வயது மூத்தவர்கள்கூட அவளிடம் வந்து மனசில் கிடப்பதைக் கொட்டிவிட்டுப் போவார்கள். அவள் புத்தி சொல்லமாட்டாள் என்பதுதான் காரணம். புத்தி சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

உலகம்மாளும் கொட்டினாள்.

அவள் கணவர் செண்பகராமன் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. முதலில் மாடித் தோட்டம் போட்டார். வேர் விட்டிருக்கிறதா என்று தினமும் செடியைப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு ஒரு தொலைநோக்கி வாங்கினார். நிலா தினமும் ஒரே பக்கத்தையே காட்டுகிறது என்று குறை சொல்லி மூன்றாம் நாள் அதைப் பரணில் ஏற்றினார். ஆர்மோனியம் வந்தது. ஆர்மோனியத்தின் மேல் இப்போது துவைத்த துணி மடித்து வைத்திருக்கிறது.

"நாலு பேரோட சேத்து விடலாமே," என்றாள் முப்பிடாதி.

"விட்டாச்சும்மா. காலையில நடக்கப் போற சங்கத்துல சேந்தாரு. மறுநாளே எல்லாரையும் வரிசையா நிக்கவச்சு வருகைப் பதிவு எடுத்தாரு. கோயில்ல புல்லு பிடுங்குத கூட்டத்துக்குப் போனாரு. நிழல்ல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு, யாரு பிடுங்குதா, யாரு பேச்சு பேசுதான்னு பாத்துக்கிட்டே இருந்தாராம். நீங்க சிரமப்பட வேண்டாம் ஐயான்னு ரெண்டு இடத்துலயும் கும்பிட்டு அனுப்பிட்டாங்க."

"இப்ப?"

"இப்ப நான் ஒருத்திதான் மிச்சம். அடுப்படி வாசல்ல நாற்காலி. உப்பு எப்பப் போட்ட, கடுகு எதுக்கு இவ்வளவு, மிக்ஸி ஏன் இந்தச் சத்தம் போடுது. காலையில ஆரம்பிச்சா ராத்திரி அடுப்பு அணையுத வரைக்கும் இதேதான்."

முப்பிடாதி ஒரு கண்ணி தொடுத்தாள்.

"தை பொறந்ததும் கடையநல்லூருக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன்மா. திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியல."

அதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் உலகம்மாளுக்குப் பயம் வந்தது. கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

முப்பிடாதி வாழைநாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நாளைக்கு மார்கழி ஒண்ணு. விடியக்காலம் நாலரைக்கு அவரை மடத்துக்கு அனுப்புங்க."

"என்ன சொல்லி அனுப்ப?"

"நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க. போதும்."

போதவில்லை. 'கூப்பிட்டாங்க' என்று கேட்டதும் செண்பகராமன் தாமாகவே மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டார். தலைமை தாங்கத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். தாசில்தாரை வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்? கஞ்சி போட்ட வேட்டி, சரிகைத் துண்டு. கையில் நாலு வரி எழுதிய சீட்டு வேறு.

போனவர் பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அவ என்ன செஞ்சா தெரியுமா? என் கையில ஜால்ராவைக் குடுத்து, இதைப் போடுங்கன்னு சொல்லுதா."

"போட வேண்டியதுதான?"

"யாரு, நானா? முப்பத்திநாலு வருஷ சர்வீஸ்ல ஒரு கலெக்டருக்கு நான் ஜால்ரா போட்டதில்ல. ஒரு மந்திரிக்குப் போட்டதில்ல. போட்டிருந்தா எங்கேயோ போயிருப்பேன்."

அது உண்மைதான். உலகம்மாளுக்கு அதில் பெருமையும் உண்டு. ஆனால் அன்றைக்கு நாக்கு அவள் சொன்னபடி கேட்கவில்லை.

"நீங்க போட்டதில்ல. உங்களுக்குப் போட்டவங்க எத்தனை பேரு? ஆபீஸ்ல அத்தனை பேரும் போட்டாங்க. வீட்ல நான் போட்டேன். முப்பத்தோரு வருஷம். ஆமாங்க, சரிங்க, நீங்க சொன்னாச் சரிதாங்க. எனக்குக் கை வலிச்சுப்போச்சு."

செண்பகராமன் சரிகைத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டார்.

அன்று அடுப்படி வாசலில் நாற்காலி வரவில்லை. ரசத்தில் உப்பு கூடிப்போயிருந்தது. அவர் அதையும் பேசாமல் ஊற்றிச் சாப்பிட்டார். இப்படிச் சொல்லிவிட்டோமே என்று உலகம்மாளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அவள் எழுந்தபோது அவர் இல்லை. கஞ்சி போட்ட வேட்டி கொடியில் கிடந்தது. வீட்டில் கட்டும் பழைய வேட்டியைக் காணோம்.

உலகம்மாள் வாசல் தெளித்துக் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் பஜனை திரும்பியது. முதலில் வந்தது பாட்டு அல்ல, ஜால்ரா. பாட்டு ஒரு வீடு பின்னால் வந்தது. ஜால்ரா யாரையோ ஜப்தி செய்யப் போகிற அவசரத்தில் முன்னால் ஓடி வந்தது. அடிக்கிற கை யாருடையது என்று பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

அவள் வாசலுக்கு நேரே முப்பிடாதி பாட்டை நிறுத்தினாள்.

"ஐயா, முன்னால போறீங்க."

"யாருக்கு முன்னால?"

"எல்லாருக்கும்."

"நான் சரியாத்தான் போறேன். நீங்கள்லாம்தான் மெதுவா வாரீங்க."

முப்பிடாதி அவரருகே வந்தாள். இடுப்பில் செருகியிருந்த கத்தரியை எடுத்தாள். ஜால்ராவின் இரண்டு கிண்ணங்களையும் சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றை வெட்டினாள். ஒரு கிண்ணத்தை அவர் கையிலேயே விட்டாள். இன்னொன்றைப் பக்கத்தில் நின்ற பால்காரர் பலவேசத்தின் கையில் கொடுத்தாள்.

"இப்ப அடிங்க."

செண்பகராமன் தம் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு பலவேசத்தைப் பார்த்தார்.

"ஒரு ஜால்ராவுக்கு ரெண்டு ஆளா? எப்படி அடிக்க?"

"அது உங்க ரெண்டு பேரு பாடு."

"சரி. இதுல யாரு கிண்ணம் மேல, யாரு கிண்ணம் கீழ?"

தாசில்தாருக்குத்தான் அப்படி ஒரு சந்தேகம் வரும். உலகம்மாள் கோலப்பொடிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூக்கெல்லாம் மாவு.

பலவேசம் எருமைக்கு வழி காட்டுகிற குரலில் சொன்னார்: "இன்னைக்கு நீரு மேல, நாளைக்கு நான் மேல. வாரும்வே, நேரமாகுது."

செண்பகராமனை ஒருவர் சம ஜோடியைப் போல 'வே' என்று கூப்பிட்டு உலகம்மாள் கேட்டதில்லை. தெருவில் இடி விழப் போகிறது என்று நின்றாள்.

விழவில்லை. பஜனை நகர்ந்தது.

முதல் நாள் முழுக்க ஒரு சத்தமும் வரவில்லை. இரண்டாம் நாள் கிண்ணம் பலவேசத்தின் விரல் முட்டியில் பட்டு, அவர் 'ஏ அப்பா' என்று தகப்பனை அழைத்தார். நான்காம் நாள் எதிர்வீட்டைத் தாண்டும்போது ஒரே ஒரு 'ணங்' கேட்டது. பிறகு தெருக்கோடி வரைக்கும் ஒன்றுமில்லை. உலகம்மாள் அடுப்படியில் காப்பியைப் பொங்கவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

பத்தாம் நாள் நாலு வீட்டுக்குத் தாளம் விடாமல் வந்தது. அன்று அவர் வீடு திரும்ப ஏழரை ஆகிவிட்டது. காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமல் நின்றார்.

"உலகு, பலவேசத்துக்கு இடது கைப் பழக்கம். தெரியுமா உனக்கு?"

"தெரியாதே."

"அந்தத் தோள்லதான் மாடு முட்டுனதாம். கையை மேல தூக்க முடியாது. அவரு தூக்குத அளவுக்கு நான் குனியணும். இது தெரியாம ஒன்பது நாளா அவரை வைஞ்சிருக்கேன்."

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவர் இன்னொரு மனுஷனைப் பற்றிக் குறை இல்லாமல் சொன்ன முதல் சேதி அதுதான்.  காப்பி ஆறுகிறது என்று மட்டும் சொன்னாள்.

ஒரு நாள் பலவேசம் வரவில்லை. அன்று அரை ஜால்ராவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? செண்பகராமன் அவர் வீட்டைத் தேடிப் போனார். காய்ச்சல். மருந்து வாங்கிக் கொடுத்து, மத்தியானம் வரை தொழுவத்தில் நின்றுவிட்டு வந்தார். சட்டையெல்லாம் சாணி வாசம். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உலகம்மாள் நம்பிவிடவில்லை. தோட்டம், தொலைநோக்கி, ஆர்மோனியம் எல்லாம் பார்த்தவள். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

மார்கழி கடைசி வாரத்தில் மடத்துக்குப் போனாள்.

"இன்னும் அஞ்சு நாள்ல மார்கழி முடியுது. பஜனையும் முடியும். அப்புறம் என்ன செய்ய?"

"மார்கழிதான் முடியும், அக்கா," என்றாள் முப்பிடாதி.

"அப்படின்னா?"

முப்பிடாதி பூவை எடுத்துத் தொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இது ஒரு பதிலா என்று உலகம்மாளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடேயே வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கீழே இறக்கினாள்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், ஒரு வாரத்தில் வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். பெட்டியில் ஒன்பது சேலை இருந்தது. ஒரு வாரத்துக்கு ஒன்பது சேலை எதற்கு என்று செண்பகராமன் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிவந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஸ் கிளம்பிவிட்டது.

போன தடவை அவள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது முதல் நாளே பதினோரு தடவை போன் வந்தது. சீனி எங்கே, துண்டு எங்கே, அடுப்பை எப்படிப் பற்றவைக்க, எப்ப வருகிறாய்.

இந்தத் தடவை வரவில்லை.

முதல் நாள் நிம்மதியாக இருந்தது. நன்றாகத் தூங்கினாள். இரண்டாம் நாள் போனைச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டே திரிந்தாள். சார்ஜ் இருக்கிறதா என்று நாலு தடவை பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் அவளே கூப்பிட்டாள்.

மணி நெடுநேரம் அடித்தது. எடுத்ததும் ஒரே இரைச்சல். யாரோ சிரித்தார்கள். யாரோ 'தண்ணி ஊத்தும்வே' என்றார்கள்.

"உலகு, அப்புறம் பேசுதேன். கை ஒழியல," என்றார் செண்பகராமன். வைத்துவிட்டார்.

உலகம்மாள் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, அத்தான் என்ன சொல்லுதாரு?" என்றாள் தங்கச்சி.

"கை ஒழியலையாம்."

"அத்தானுக்கா?"

அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள். விட்டுப்போக வந்தவள்தான். ஆனால் மனசு என்ன சொன்னபடியா கேட்கிறது? மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வழியெல்லாம் அடித்துக்கொண்டது.

வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

இரண்டு வருஷமாக அந்தக் கதவு பகலில் பூட்டியதில்லை. அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா? சாரு காலையிலயே போயிட்டாரே. பள்ளிக்கூடத்து மதிலுக்கு எல்லாரும் சேந்து வெள்ளையடிச்சுப் படம் வரையுதாங்கல்லா."

"சாரு படம் வரையுதாரா?"

"வரையுதது டிராயிங் வாத்தியாரு. சாரு சுண்ணாம்பு கரைக்குதாரு."

"மேற்பார்வையா?"

"இல்ல, கரைக்குதாரு. நேத்து முழங்கை வரைக்கும் வெள்ளையாத்தான் வந்தாரு. சாயங்காலம் பலவேசம் வீட்டுக்கு வேற போயிருதாரு. பால் கறக்கப் பழகுதாராம். ரெண்டு தடவை உதை வாங்கியாச்சு."

உலகம்மாள் பெட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். கால் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மடத்துக்குப் போனது.

முப்பிடாதி பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, அக்கா. ஐயா சொன்ன ஒன்பது சேலையும் அதுக்குள்ள கட்டியாச்சா?"

உலகம்மாளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கல்படியில் உட்கார்ந்தாள்.  நெஞ்சுக்குள் இரண்டு வருஷமாக எதையோ இறுக்கிப் பிடித்திருந்தாள் போலிருக்கிறது. அது மெல்ல விட்டுப்போவது அவளுக்கே தெரிந்தது.

"வீடு பூட்டியிருக்கும்மா," என்றாள்.

"சாவி?"

"ஒண்ணே ஒண்ணுதான். அவருகிட்ட இருக்கு."

"ஆள் அனுப்பி வரச் சொல்லட்டா?"

உலகம்மாள் செருப்பைக் கழற்றினாள். காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். தெருவில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்மா," என்றாள். "அவரு மெதுவா வரட்டும்."