எந்த எழுத்தில் ஆணை?

ஜப்பானில் ஓர் அரசி ஆண்ட பழைய நாளில், கொரியாவிலிருந்து வந்து அரண்மனையில் மை அரைத்தவள் சோரி. அரசி அயல்நாட்டுக் கலைகளை வரவேற்றது அமைச்சர் ததமாரோவுக்குப் பிடிக்கவில்லை.

"கடல் தாண்டி வந்ததெல்லாம் இன்றே வெளியேறட்டும். முதலில் நீ கிளம்பு!" என்று அவையிலேயே சோரியிடம் சீறினார்.

"போகிறேன் பிரபு. துறைமுகத்தில் கேட்பார்கள், ஆணையை எழுதிக் கொடுங்கள்."

அமைச்சர் தூரிகையை எடுத்தார்.

"சீனத்து எழுத்து வேண்டாம் பிரபு. அதுவும் கடல் தாண்டி வந்ததுதானே? இந்த மண்ணில் பிறந்த எழுத்தில் எழுதுங்கள்."

அப்படி ஓர் எழுத்து அன்று அங்கே கிடையாது. அமைச்சர் தூரிகையைக் கீழே வைத்தார். அரசி வாய்விட்டுச் சிரித்தாள்.

"நீ இங்கேயே இரு, சோரி. என்ன வேண்டும், கேள்."

"எனக்கு மை அரைக்கத்தான் தெரியும், தாயே. ஊரிலிருக்கும் அக்காவுக்கு யாராவது ஒரு கடிதம் எழுதித் தந்தால் போதும்."

அரசி அமைச்சரைப் பார்த்தாள். அவர் குனிந்து எழுதத் தொடங்க, சோரி சொன்னாள்:

"அக்கா, நம் ஆற்றங்கரைப் பேரிக்காய் மரம் இன்னும் பூக்கிறதா?"