தேன்பொறைக்குள் நுழைய நான்கு காரணங்கள்

"நான்கு காரணங்கள் கிடைத்துவிட்டன, அம்மையே. போதவில்லை. ஐந்தாவது ஒன்று வேண்டும்" என்றார் ஆதன்.

ஆதன் மேழி நாட்டின் தூதர். சேந்தி அம்மை குன்றின் மேல் குகையில் தனியாக வாழ்ந்த துறவி. மனம் குழம்பும்போதெல்லாம் ஆதன் அங்கே ஏறி வருவது வழக்கம்.

"எதற்குக் காரணம்?"

"வடநாட்டோடு எங்களுக்குப் போர். நடுவில் தேன்பொறை இருக்கிறது. சின்ன மலைநாடு, எந்தப் பக்கமும் சேராதது. அதன் கணவாய் வழியே படையை அனுப்பப் போகிறார் அரசர். மற்ற நாடுகள் முகம் சுளிக்காதபடி நான் போய் விளக்கம் சொல்ல வேண்டும்."

"சொல்லும், கேட்போம்."

ஆதன் விரல்விட்டு எண்ணினார்.

"நாங்கள் நுழையாவிட்டால் எதிரி நுழைந்துவிடுவான். தேன்பொறையைக் காப்பாற்றத்தான் வருகிறோம். வழிதான் கேட்கிறோம், நிலத்தை அல்ல. போர் முடிந்ததும் திரும்பிவிடுவோம்."

"முதல் காரணம் உண்மையென்றால் இரண்டாவதை ஏன் தேடினீர்?"

அம்மை அதோடு விடவில்லை.

"இவற்றை யாரிடம் சொல்லப் போகிறீர்?"

"மற்ற அரசர்களிடம்."

"தேன்பொறைக்காரர்களிடம்?"

"அவர்களிடம் எதற்கு, அம்மையே?"

"முதலில் அங்கே சொல்லிவிட்டு வாரும்."

"படை வரும் நாளைச் சொன்னால் அது துரோகம்."

"நாளைச் சொல்ல வேண்டாம். காரணத்தைச் சொல்லும்."

ஆதன் போனார்.

தேன்பொறையின் தலைவர் கொற்றன், தம் வீட்டு முற்றத்தில் காயம்பட்ட இருவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ஒருவன் மேழி நாட்டு வீரன். மற்றவன் வடநாட்டான். இருவரும் ஒரே பாயில் கிடந்தார்கள்.

"எங்கள் படை உங்களைக் காப்பாற்ற வர நேரலாம்" என்று ஆதன் தொடங்கினார்.

"யாரிடமிருந்து?"

"உங்கள் கணவாயைப் பிடிக்க நினைப்பவர்களிடமிருந்து."

"பிடிக்க நினைப்பது யார்?"

ஆதன் அதை விட்டு அடுத்த காரணத்துக்குத் தாவினார். சொல்லச் சொல்ல அவை அவருக்கே பொய்யாகத் தோன்றின.

கொற்றன் கோபப்படவில்லை. வீரனின் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தார்.

"வந்தால் எதிர்த்து நிற்போம், தூதரே. எங்களிடம் ஆள் குறைவு. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனாலும் நிற்போம்."

பிறகு பாயைக் காட்டினார்.

"போகும்போது உங்கள் வீரனை அழைத்துப் போங்கள். அவனுக்கு இன்னும் கால் ஊன்ற வரவில்லை. சண்டை வந்தால் இங்கே அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது."

ஆதன் அந்த வீரனை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்.

அரசர் அவையில் கேட்டார்.

"காரணங்கள் தயாரா?"

"ஒன்றுதான் மிஞ்சியது, அரசே."

"என்ன?"

"நாம் பெரியவர்கள், அவர்கள் சிறியவர்கள். அதனால் போகிறோம். இதை எந்த நாட்டில் வேண்டுமானாலும் போய்ச் சொல்கிறேன்."

"இதைச் சொன்னால் நம்மை யார் மதிப்பார்கள்?"

"வேறு எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும், அரசே."

அரசர் ஆதன் விரலில் இருந்த, தூதருக்குரிய முத்திரை மோதிரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டார். அடுத்த நிலையில் இருந்த தூதரிடம் அதை நீட்டினார்.

"நீர் போய்ச் சொல்லும்."

அந்தத் தூதர் மோதிரத்தைப் பார்த்தார். ஆதனைப் பார்த்தார்.

"எனக்கும் வேறு காரணம் தெரியவில்லை, அரசே" என்றார்.

மோதிரத்தை வாங்க வேறு யாரும் முன்வரவில்லை.

காரணம் சொல்ல ஆள் இல்லாததால், கணவாயை விட்டுவிட்டுப் படை ஆற்றை ஒட்டிய சுற்று வழியில் போனது. போர் இழுத்துக்கொண்டே போயிற்று. மழை பிடித்தது. இரண்டு பக்கத்தாரும் களைத்தார்கள். பேசித் தீர்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் எங்கே உட்கார்ந்து பேசுவது? எதிரியின் மண்ணில் கால் வைக்க இருவருக்கும் அச்சம்.

இருவரும் நம்பிய இடம் ஒன்றுதான் இருந்தது. தேன்பொறைக்குப் போனார்கள். கொற்றன் முற்றத்தைக் கூட்டிப் பெருக்கிப் பாய் விரித்தார்.

சமாதானம் ஆன பிறகு ஆதன் மறுபடி குன்று ஏறினார். பதவி இல்லை. ஆளும் மெலிந்திருந்தார்.

"இந்த முறை தப்பித்தார்கள், அம்மையே. இன்னொரு போர் வரும். வேறு அரசர் இருப்பார். வேறொரு தூதன் காரணம் தேடுவான்."

"தேடுவான்."

"அப்போது என்ன செய்வது?"

"அவனுக்கும் மனம் குழம்பும். இங்கே ஏறி வருவான்."

"நீங்கள் இருப்பீர்களா?"

"நான் இருக்க மாட்டேன். அவனிடம் கேட்க இங்கே ஒருவர் வேண்டும்."

அம்மை தாம் உட்கார்ந்திருந்த கல்லில் சற்றுத் தள்ளி இடம் விட்டார்.

"உட்காரும்" என்றார்.