எட்டாவது ஆட்டம்

"எல்லாரும் பெருமையா பேசுற ஒரு வருஷம், எனக்கு மட்டும் நெஞ்சுல முள்ளா நிக்குதும்மா. அதை எப்படி எடுக்கறது?"

கொல்லிமலைக்கு வந்து மூன்று மாதம் கழித்து, ஒரு காலையில், செல்வின் இதைக் கேட்டான்.

வடிவாம்பிகை சாக்கின் மேல் உட்கார்ந்து மிளகுச் சரங்களிலிருந்து மணிகளை உதிர்த்துக்கொண்டிருந்தார். மிளகுக் கொடிகளுக்கு நடுவே நான்கு ஓட்டு அறைகளும் ஒரு தியானக் கூடமும் அவருடைய பொறுப்பில் இருந்தன. செல்வினைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் அங்கே வருகிற எல்லோரையும் போல அவனும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டான்.

அவர் கையை நிறுத்தவில்லை.

"எந்த வருஷம்? சொல்லுங்க."

செல்வின் சொன்னான்.

அவனுடைய பெற்றோர் நாகர்கோவிலிலிருந்து அமெரிக்கா போனவர்கள். அவன் அங்கேயே பிறந்தவன். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அந்த உடம்புதான் அவனை அந்த நாட்டுக் கால்பந்துக்குள் கொண்டுபோனது.

பேர்தான் கால்பந்து. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், எறிவார்கள், மோதி வீழ்த்துவார்கள். பந்தை எறிகிறவன்தான் அணிக்கு மூளை. அவன் எறிந்து முடிக்கும்வரை எதிராளி யாரும் அவனைத் தொடாதபடி ஐந்து பேர் முன்னால் சுவர் மாதிரி நிற்பார்கள். செல்வின் அந்த ஐவரில் ஒருவன். அவன் காத்து நின்றது வெஸ்லியை.

இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த அணி பத்தொன்பது ஆட்டம் ஆடியது. தோற்றது ஒன்றே ஒன்று, மூன்றாவது ஆட்டம். மற்றதெல்லாம் வெற்றி. சும்மா வெற்றி இல்லை, எதிர் அணிகள் பாதி ஆட்டத்திலேயே தலையைத் தொங்கப்போட்டுவிடும். பனி கொட்டிய ஒரு நாளில் நாற்பத்தொன்றுக்குப் பூஜ்யம். கடைசியில் கோப்பை. ஊர்வலம் போன தெருக்களில் மரத்தின் மேலெல்லாம் ஆள். அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளுக்கு வெஸ்லி என்று பேர் வைத்தார்கள்.

இப்போது அந்த அணியைத் திரும்ப மைதானத்துக்கு அழைத்து மரியாதை செய்யப் போகிறார்கள். வெஸ்லியின் கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வரும்படி செல்வினைத்தான் கேட்டிருந்தார்கள்.

சொல்லச் சொல்ல அவன் குரல் ஏறியது. ஒவ்வொரு ஆட்டத்தையும் கையால் தரையில் கோடு போட்டுக் காட்டினான். சொல்லி முடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

வடிவாம்பிகை மிளகை முறத்தில் அள்ளினார்.

"சாப்பாட்டுக்கு நேரமாச்சு," என்றார்.

அவ்வளவுதான்.

மறுநாள் பதிலுக்காகப் போய் நின்றான். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் கூடத்து வாசலில் முந்தைய நாள் உதிர்த்த மிளகை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"ஏதோ ஒரு வருஷத்தைப் பத்திச் சொல்லணும்னு வந்திருக்கீங்கபோல. சொல்லுங்க."

செல்வினுக்கு ஒன்றும் புரியவில்லை. தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னான். இந்தத் தடவை சீக்கிரம் முடிந்தது. பனி ஆட்டத்தை ஒரு வரியில் தாண்டினான். ஊர்வலத்தை விட்டுவிட்டான். நேற்றுச் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வெஸ்லியைப் பார்க்கப் போயிருந்தான். வெஸ்லிக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. வாங்கிய அடிகளால் மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். வெஸ்லி மரியாதையாகக் கை குலுக்கினான். வீட்டைச் சூடாக்குகிற கொதிகலனைப் பழுதுபார்க்க வந்தவரா என்று கேட்டான்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு செல்வின் திரும்பி வந்துவிட்டான். அதற்கப்புறம் போகவில்லை. வெஸ்லியின் மனைவி நோரா எழுதிய கடிதங்களுக்கும் பதில் போடவில்லை.

வடிவாம்பிகை கேட்டுக்கொண்டார். பிறகு சாக்கின் மறு முனையைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்.

அதற்கடுத்த இரண்டு நாள் செல்வின் அவர் பக்கமே போகவில்லை. சமையலறைக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தான். தேவைக்கு மேலேயே பிளந்தான். ஊருக்கு அழைக்கிற கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. தன் கேள்வியை இந்தப் பெண்மணி காதிலேயே வாங்கவில்லை என்ற கோபம் வேறு.

மூன்றாம் நாள் அவரே வந்தார். ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"உங்க மனசுல ஏதோ இருக்கு. ஏதாவது ஒரு வருஷத்துக் கதையா? சொல்லுங்களேன்."

செல்வின் கோடரியைக் கீழே போட்டான்.

"ரெண்டு தடவை சொல்லியாச்சும்மா. ஒரு காலை முழுக்க உட்கார்ந்து கேட்டீங்க. ஞாபகமே இல்லையா?"

"இல்ல."

அதில் கேலி இல்லை. சிரிப்பு இல்லை. புது ஆளைப் பார்க்கிற கண்ணோடு, பணிவாக, கேட்கக் காத்துக்கொண்டிருந்தார்.

செல்வினால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொதிகலனைப் பற்றிக் கேட்ட அன்று வெஸ்லிக்கும் இதே முகம்தான். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. விறகுக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

பிறகு எட்டாவது ஆட்டத்திலிருந்து தொடங்கினான்.

அன்று புல் ஈரமாக இருந்தது. இடதுபக்கம் காக்க வேண்டியவன் செல்வின். ஒரு கணம் தாமதித்துவிட்டான். அவன் தோளுக்கு வெளியே ஒருத்தன் நழுவிப் போய் வெஸ்லியைத் தூக்கி அடித்தான். தலைக்கவசம் தரையில் மோதிய சத்தம் செல்வினுக்கு முதுகுப் பக்கம் கேட்டது.

வெஸ்லி எழுந்தான். நேராக நடந்துபோய், எதிர் அணிக்காரர்கள் கூடிப் பேசுகிற வட்டத்துக்குள் நின்றுகொண்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். எதிர் அணிக்காரர்களும் சிரித்தார்கள். செல்வின் ஓடிப்போய் அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பினான். நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்று வெஸ்லி அவன் காதோடு கேட்டான்.

மருத்துவர் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். வெஸ்லியால் பதில் சொல்ல முடியவில்லை. செல்வின்தான் சொன்னான்.

"மூச்சடைச்சிருச்சு, அவ்வளவுதான். அவன் நல்லா இருக்கான்னு சொன்னேம்மா. நான்தான் சொன்னேன்."

மருத்துவர் நம்பினார். அந்த ஆட்டத்தில் ஜெயித்தார்கள்.

அதற்கப்புறம் பதினோரு ஆட்டம். ஒவ்வொன்றிலும் வெஸ்லி அடுத்து எப்படி ஆடுவது என்று அணிக்குச் சொல்லுவான். பத்தடி நடப்பதற்குள் மறந்துவிடுவான். முன்னால் குனிந்து நிற்கிற செல்வின் திரும்பாமலே தோளுக்கு மேலாக முணுமுணுப்பான். இடது. வலது. நீளமாய் எறி. அது போதும், வெஸ்லியின் கைக்கு மற்றது தெரியும். இடையில் இன்னும் எத்தனையோ அடி. பதினொன்றிலும் ஜெயித்தார்கள்.

செல்வின் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெஸ்லியை உட்கார வைத்திருப்பார்கள். கோப்பை போயிருக்கும்.

கோப்பை கைக்கு வந்த அன்றைக்கு மேலேயிருந்து வண்ணக் காகிதம் கொட்டியது. வெஸ்லி கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னும் எத்தனை ஆட்டம் பாக்கி இருக்கிறது என்று கேட்டான். செல்வின் சிரித்தான். அவன் வேடிக்கைக்குக் கேட்டதாகத்தான் நினைத்தேன் என்று இருபது வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான்.

"வேடிக்கை இல்லைன்னு அப்பவே தெரியும்," என்றான்.

வடிவாம்பிகை எழுந்தார்.

"நாளைக்கும் கேட்பேன்."

செல்வின் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேம்மா."

கொடியில் காய்ந்தும் காயாமலும் கிடந்த துணிகளை அப்படியே பையில் திணித்துக்கொண்டான். சேலம் போகிற பேருந்தில் ஏறி, மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கினான்.

அமெரிக்காவில் வெஸ்லியின் வீடு ஓர் ஏரிக்கரை ஊரில் இருந்தது. நோரா கதவைத் திறந்தாள். மூன்று வருஷம் எங்கே போனாய் என்று அவள் கேட்கவில்லை. உள்ளே வரச் சொன்னாள்.

செல்வின் பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டான். தினம் காலையில் போனான். தினம் வெஸ்லி அவனோடு புதிதாகக் கை குலுக்கினான், வந்த காரியம் என்ன என்று விசாரித்தான். ஒரு கதை சொல்ல வந்தேன் என்பான் செல்வின். வெஸ்லிக்குக் கதை பிடிக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான்.

முதலில் பனி ஆட்டத்தைச் சொன்னான். நாற்பத்தொன்றுக்குப் பூஜ்யம் என்றதும் வெஸ்லி கை தட்டினான். மறுநாளும் தட்டினான். ஊர்வலத்தைச் சொன்னான். மரத்தின் மேல் ஏறியவர்கள் யாரும் விழவில்லையே என்று வெஸ்லி கவலைப்பட்டான். எல்லாக் கதையிலும் பந்தை எறிகிறவனுக்குப் பேரே இருக்காது. ஒருமுறை செல்வின் பேரைச் சொல்லிப் பார்த்தான். அட, எனக்கும் அந்தப் பேர்தான் என்று வெஸ்லி சந்தோஷப்பட்டுவிட்டு, வெகு நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் பேர் சொல்லவில்லை.

எட்டாவது ஆட்டத்தைத் தொடாமலே மூன்று வாரம் போயிற்று.

மைதானத்தில் பழைய அணியைக் கூட்டி மரியாதை செய்கிற நாள் வந்தது. செல்வின் வர முடியாது என்று எழுதிப் போட்டிருந்தான். அன்றும் வழக்கம்போல வெஸ்லியின் சமையலறை மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். நோரா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு என்ன கதை என்று வெஸ்லி கேட்டான்.

செல்வின் ஈரப் புல்லைச் சொன்னான். இடதுபக்கம் ஒருத்தன் தாமதித்ததைச் சொன்னான். தலை தரையில் மோதியதை, அடிபட்டவன் எழுந்து போய் எதிராளிகளுக்கு நடுவில் நின்றதைச் சொன்னான். எல்லோரும் சிரித்ததைச் சொன்னான்.

வெஸ்லி சிரிக்கவில்லை.

மருத்துவர் கேட்டதையும், அடிபட்டவனுடைய கூட்டாளி அவருக்குச் சொன்ன பொய்யையும் சொன்னான். ஏன் சொன்னான் என்பதையும் சொன்னான். அதற்கப்புறம் நடந்த பதினோரு ஆட்டத்தையும் சொன்னான்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நோராவின் கை மட்டும் அசையவில்லை.

"அந்தக் கூட்டாளி நான்தான்," என்றான் செல்வின்.

வெஸ்லி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடுகிறவன் மாதிரி பார்த்தான். பிறகு மேசைக்குக் குறுக்கே குனிந்து, மெல்லிய குரலில் கேட்டான்.

"அந்த வழி தெரியாம நின்ன ஆளு, பாவம்... அவன் வீடு போய்ச் சேர்ந்தானா?"